கை இருப்பதாகச் சொன்ன கண்

எங்கள் பழைய அலுவலகக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் போன மாதம் ஒரு செய்தி வந்தது. அங்கே இப்போது புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்களாம். யார் எந்தக் கோப்பைத் திறந்தார், எத்தனை நிமிடம் வைத்திருந்தார், எந்த வரியை மாற்றினார், எல்லாம் தானாகவே பதிவாகிவிடுமாம். இனிமேல் யார் மீதும் வீண் சந்தேகம் வராது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னிடம், உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் சார் என்று தனியாகக் கேட்டார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். கைபேசியில் அடிக்கிற நீளத்துக்குள் அது அடங்கவில்லை.

எங்களிடமும் எல்லாம் பதிவானது. பதிவேடு அத்தனை ஒழுங்காக இருந்ததால்தான் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. அதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை இந்தப் பக்கத்திலும் மற்றதை அந்தப் பக்கத்திலும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி, சாமி கும்பிடும்போதுகூட உங்களுக்கு ஒரு கண் திறந்துதான் இருக்கும் என்பாள். இந்தக் குணம் என் தொழிலுக்குப் பொருத்தமாக இருந்தது என்று நீண்ட நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர் கர்நாடகத்தில் ஹனூர் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். மைசூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அதற்குப் பிறகு பத்து வருடம் எடை எந்திரங்களுக்கும் தொலைபேசி அட்டைகளுக்கும் நிரல் எழுதிக் கழிந்தது. அந்தப் பத்து வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. தொண்ணூறுகள் முடியப்போகும் சமயத்தில், மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். கீழ்த்தளத்தில் வேறொருவர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மேல்தளம் எங்களுடையது. வார்னிஷ் வாசனை நாள் முழுக்க மேலே ஏறி வரும்.

அப்போதுதான் யூஎஸ்பி வந்து பரவிக்கொண்டிருந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனம், பெங்களூரில் இருந்த ஒரு முகவர் மூலமாக எங்களுக்கு ஒரு வேலை தந்தது. விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக். ஆனால் சாதாரண ஜாய்ஸ்டிக் இல்லை. அதன் அடிப்பெட்டிக்குள் இரண்டு மோட்டார்கள் இருந்தன. திரையில் கார் பள்ளத்தில் இறங்கினால் கையில் பிடி குலுங்கும். விமானம் திரும்பினால் பிடி எதிர்ப்பக்கம் இழுக்கும். விளையாட்டு கேட்கிற விசையை, அந்தச் சாதனத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றி அனுப்பும் டிரைவர் மென்பொருளை எழுதுவதுதான் எங்கள் பொறுப்பு. குலுக்கல் ஒரு வகை, ஸ்பிரிங் போல நடுவுக்கு இழுப்பது ஒரு வகை, எண்ணெயில் கையை விட்டதுபோல் தடுப்பது இன்னொரு வகை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பலம், எவ்வளவு நேரம், எந்தத் திசை என்று குறுக்கிச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்ப வேண்டும்.

வேலை தந்தவர்களே எங்களை நம்பவில்லை. கட்டளைகளின் விவரம் அடங்கிய ஆவணத்தை அனுப்பினார்கள். அதில் பாதிப் பக்கங்களில் கறுப்பு மை பூசியிருந்தது. மையின் கீழே இருந்ததை நாங்கள் சோதித்துச் சோதித்துத்தான் கண்டுபிடித்தோம். மாதிரிச் சாதனங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெங்களூரில் முகவரிடம் இருந்தது, இரண்டாவது எங்களிடம். இதே வேலையைப் பெங்களூரில் வேறொரு நிறுவனத்துக்கும் ரகசியமாகக் கொடுத்திருக்கிறார்கள், யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே மொத்த ஒப்பந்தமும் போகும் என்று ஒரு பேச்சு வேறு இருந்தது. அது உண்மையா என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து யாரும் யாருடைய திரையையும் சாதாரணமாகப் பார்க்கவில்லை.

எங்கள் மேலாளர் பெயர் சிவலிங்கையா. பொதுத்துறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். குரல் உயராது. காதில் ஒரு சிவப்புப் பென்சில். கன்னடத்தில்தான் பேசுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேள்வியைக் காலையில் கேட்பார். பதிலைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். ஒரு மணி நேரம் கழித்து, கேட்டதே நினைவில்லாதவர்போல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். இரண்டு பதில்களும் ஒன்றாக இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். ஒரு சொல் மாறினாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாம் மாதிரி இரும்பு அலமாரியில் இருக்கும். அதன் திருகாணிகள் மேல் செலோ டேப் ஒட்டி, பாதிக் கையெழுத்து டேப்பிலும் பாதி பிளாஸ்டிக்கிலும் விழுகிற மாதிரி அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். யாராவது கழற்றினால் காட்டிக் கொடுத்துவிடும். அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நீளமான பதிவேடு. மாதிரியைத் தொடுகிற ஒவ்வொருவரும் தேதி, நேரம், பெயர், எதற்காகத் தொட்டோம், என்ன மாற்றினோம் என்று எழுத வேண்டும். நிரலில் மாற்றிய வரிகளை மாலையில் அச்சடித்துத் தர வேண்டும். அதை அவர் வரிக்கு வரி படித்துச் சிவப்பில் டிக் போடுவார். மற்றவர்கள் இதைத் தொல்லை என்று நினைத்தார்கள். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. என்னைப்போல் இன்னொரு ஆள் கிடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மோட்டார் விசைகளை எழுதுவது என் வேலை. அதைச் சோதிப்பதும், கையுணர்வுப் பகுதியை எழுதுவதும் ரேவதியின் வேலை. ரேவதிக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும். அப்பா தர்மபுரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட கொத்தனார். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். அந்தத் தளத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் என்பதால் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, தீபாவளிக்குப் பிறகு நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருந்தாள்.

கையுணர்வு என்றால் இதுதான். பிடியின் மேல்பகுதியில், முன்பக்கமாக, சுண்டுவிரல் நக அளவில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. நாங்கள் அதைக் கண் என்போம். அது கண்ணுக்குத் தெரியாத ஒளியை வெளியே விடும். கை பிடித்திருந்தால் ஒளி கையில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்தால் சாதனம் ஒரு பிட்டை ஒன்று என்று வைக்கும். கையை எடுத்தால் பூஜ்யமாகும். பூஜ்யமானதும் டிரைவர் இரண்டு மோட்டார்களையும் நிறுத்திவிட வேண்டும். ஆள் இல்லாமல் பிடி ஆடினால் மோட்டார் சூடாகும், பல்சக்கரம் உடையும், குழந்தை விரலை விட்டால் அதுவும் ஆபத்து. வேலை தந்தவர்கள் எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

தசராவுக்கு முந்தைய வாரம் ரேவதி என்னிடம் வந்தாள். "அண்ணா, பிடிய கொஞ்சம் தளர்த்திப் புடிச்சாலே அந்தக் கண்ணு கை இல்லன்னு சொல்லுது. மோட்டார் நின்னு நின்னு ஓடுது. கால் செகண்டு பொறுத்துப் பாத்துட்டு நிறுத்தற மாதிரி மாத்தறேன், ஆகுமா?" என்றாள். சரியான யோசனைதான். மாற்றினாள், சோதித்தாள், பதிவேட்டில் எழுதினாள், சிவப்பு டிக்கும் வாங்கினாள்.

ஆனால் அந்த நாட்களில் அவள் மீது என் சந்தேகக் கண் விழுந்திருந்தது. சோதிக்கும்போது அவள் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பாள். அலுவலக நோட்டு இல்லை, கடையில் வாங்கியது. சோதனை முடிந்ததும் அதில் ஏதோ எண்கள் எழுதுவாள். நான் அந்தப் பக்கம் போனால் மூடிவிடுவாள். இரண்டு தடவை பார்த்தேன். அப்புறம் ஒருநாள் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தாள். அன்று மாலை டிக்கெட் பதிவு செய்ய ரயில் நிலையம் போன நான், பெங்களூர் வண்டியில் இருந்து அவள் இறங்கி வருவதைப் பார்த்தேன். காய்ச்சல்காரி மாதிரி இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. வீட்டுக்குப் போய் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று கோத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எந்த எந்திரத்தையும் ஓட்டக் கூடாது. சிவலிங்கையா முந்தைய நாளே பதிவேட்டில் அந்தத் தேதிக்குக் கோடு போட்டு விடுமுறை என்று எழுதிவிட்டார். ஆனால் பூஜைக்கு எல்லோரும் வந்தோம். கணினிகளைத் துடைத்தோம். மாதிரியையும் அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மண்டக்கி என்கிற பொரியும் இனிப்பும் கொடுத்தார்கள். மறுநாள் ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலம், ஊருக்குள் கால் வைக்க முடியாது. அதனால் ஒரு நாள் சேர்த்தே விடுமுறை விட்டிருந்தார்.

விடுமுறை முடிந்த முதல் நாள். காலையில் ரேவதி பதிவேட்டில் எழுதிவிட்டு மாதிரியை எடுத்தாள். நான் எழுதிய சோதனை நிரல் ஒன்று உண்டு. இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருக்கும், பிறகு திடீரென்று முழு பலத்தோடு குலுக்கும், மறுபடி சும்மா இருக்கும். மதியம் வரை அதை ஓட்டினாள். சாப்பாட்டு மணி அடித்தபோது பிடி சும்மா இருந்தது. கையை எடுத்துவிட்டு எழுந்து போனாள். நிரலை நிறுத்தவில்லை. நாங்கள் யாருமே நிறுத்த மாட்டோம். கையை எடுத்தால் நின்றுவிடும் என்பதற்காகத்தானே அந்தக் கண் இருக்கிறது.

நாங்கள் மொட்டை மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கீழே எதுவோ விழுகிற சத்தம் கேட்டது. இறங்கி வந்தபோது மாதிரி தரையில் கிடந்தது. யாரும் தொடாத பிடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லாமல் குலுங்கிக் குலுங்கி மேசை விளிம்புக்கு நகர்ந்து விழுந்திருக்கிறது. நான் மின்இணைப்பைப் பிடுங்கினேன். வார்னிஷ் வாசனைக்கு மேலே ஒரு கருகல் வாசனை. மோட்டார் போய்விட்டது. இன்னும் எட்டு நாளில் முகவரும் வெளிநாட்டுக்காரரும் பார்க்க வருவதாக இருந்தது.

சிவலிங்கையா கத்தவில்லை. பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தார். கடைசியாகக் கையுணர்வுப் பகுதியை மாற்றியது யார்? ரேவதி. கடைசியாக மாதிரியைத் தொட்டது யார்? ரேவதி. நடுவில் வேறு ஒரு பெயரும் இல்லை. விடுமுறைக் கோடு மட்டும்தான். அச்சடித்த நிரலை எடுத்துப் படித்தார். அதில் குறை இல்லை. என்னைக் கூப்பிட்டார். அச்சில் உள்ளதுதான் கணினியில் ஓடியது என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன் நான். இந்தக் கேள்வியைக் கேட்டது அவரில்லை, நான்தான். சாதனம் எரிந்துபோனதால் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அவளைப் பற்றி வேறு எதுவும் தெரியுமா என்றார். நோட்டைப் பற்றிச் சொன்னேன். ரயிலைப் பற்றியும் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். சொல் மாறாமல் திரும்பச் சொன்னேன். தேர்வில் தேறியவன் மாதிரி எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

ரேவதியைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டச் சொன்னார். அது சொந்த விஷயம் சார் என்றாள். காய்ச்சல் நாளில் எங்கே இருந்தாய் என்றார். அதுவும் சொந்த விஷயம்தான் என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலை ஒன்பதரைக்கு எல்லோரையும் நடுக்கூடத்தில் நிற்க வைத்தார். எதையும் மறைவில் செய்வது அவருக்குப் பிடிக்காது. ரேவதி இனி வரமாட்டாள், காரணம் பதிவேட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றார். அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வெளிநாட்டுக்காரர் வருகையைத் தள்ளிப்போட்டோம். இரண்டு வாரம் கழித்து, முகவர் ரொம்பவும் முணுமுணுத்துக்கொண்டு முதல் மாதிரியை அனுப்பினார். ரேவதி என்ன நுழைத்திருக்கிறாள் என்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவளுடைய கணினியை அன்றைக்கே சீல் வைத்திருந்தோம். அதைத் திறந்து, அன்று ஓடிய அதே கோப்பை ஓட்டி, முதல் மாதிரியைச் செருகினேன். பிடித்தேன், குலுங்கியது. கையை எடுத்தேன். கால் செகண்டில் நின்றது. மறுபடி செய்தேன். மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் சரியாக நின்றது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எரிந்துபோன இரண்டாம் மாதிரியை எடுத்து வந்தேன். மோட்டாருக்குத் தனி மின்சாரம், கண்ணுக்கு யூஎஸ்பி மின்சாரம். ஆகவே மோட்டார் செத்தாலும் கண் வேலை செய்யும். செருகிப் பிட்டைப் பார்த்தேன். ஒன்று. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், திரையில் கை இருக்கிறது என்று வருகிறது. அப்போதுதான் பிடியை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவே குங்குமம்.

நகத்தால் சுரண்டினேன். பாதி வந்தது. பிட் இன்னும் ஒன்று. மீதியையும் சுரண்டினேன். பூஜ்யம்.

பூஜை நாளில் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு எல்லா எந்திரத்துக்கும் பொட்டு வைத்தது நான். திரைகளுக்கு வைத்தேன், அச்செந்திரத்துக்கு வைத்தேன், மின்னலைகளைக் காட்டும் அலைமானிக்கு வைத்தேன். மாதிரியில் எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்தது நினைவிருந்தது. அந்தக் கறுப்பு வட்டம்தான் நெற்றி மாதிரி இருந்தது. அளவும் பாந்தமாக இருந்தது. அந்தக் கண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன். ஆனாலும், கையில் பட்டுத் திரும்புகிற ஒளி சந்தனத்தில் பட்டாலும் திரும்பும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பொட்டு வைப்பதை ஒரு எந்திரத்தைத் தொடுவதாக நான் நினைக்கவே இல்லை. யாரும் நினைக்கவில்லை. அதனால் பதிவேட்டில் யாரும் எழுதவில்லை. விடுமுறை முடிந்து அத்தனை பேரும் அந்தப் பொட்டைப் பார்த்தோம். பூஜைப் பொட்டை யாராவது துடைப்பார்களா? தான் தொட்டதை ஒழுங்காக எழுதிவைத்தவள் ஒருத்திதான். மாட்டிக்கொண்டதும் அவள்தான்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நகத்தில் இருந்த சந்தனத்தைக் கைக்குட்டையில் துடைத்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சிவலிங்கையாவிடம் போய், கண் அழுக்காக இருந்தது சார், அதனால்தான் நிற்கவில்லை, ரேவதி மேல் தப்பில்லை என்றேன். அவளையும் காப்பாற்றிவிடலாம், நானும் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கண்ணில் என்ன இருந்தது பழனிசாமி என்று கேட்டார். அழுக்கு என்று வாய் திறந்தேன். சந்தனம் என்று வந்துவிட்டது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் வைத்தது என்றார். நான் என்றேன். காதில் இருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "நானும்தான் பார்த்தேன். அந்தச் சாதனத்தில் ஒரு முடி விழுந்தாலும் எனக்குத் தெரியும். பொட்டுதானே என்று விட்டுவிட்டேன்" என்றார் கன்னடத்தில். பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். விடுமுறைக் கோட்டுக்கு மேலே எழுதினேன். இரண்டாம் மாதிரி, தொட்டவர் பழனிசாமி, காரணம் பூஜை, மாற்றம் கையுணர்வுக் கண் மறைக்கப்பட்டது.

மறுநாள் இருவரும் காந்தி நகரில் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். ரேவதி வந்து நின்றாள். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். பொட்டு என்றதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உடனே போய்விட்டது. உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்து, நாங்கள் கேட்காமலே சிவலிங்கையாவிடம் கொடுத்தாள்.

அதில் தேதிவாரியாக எழுதியிருந்தாள். எந்த விசை, எவ்வளவு பலம், எத்தனை நிமிடம், மணிக்கட்டு எப்போது வலிக்க ஆரம்பித்தது, விரல் எப்போது மரத்தது. நாள் முழுக்க அந்தப் பிடியைப் பிடித்துப் பிடித்து அவள் கை வீணாகிக்கொண்டிருந்தது. சொன்னால் இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி நிரந்தரமாக்குவது என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருக்கிறாள். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் அவள் சித்தி நர்ஸாக இருந்தார். அவரிடம் காட்டத்தான் போயிருக்கிறாள். சிவலிங்கையா கடைசிப் பக்கம் வரை படித்தார். அந்தப் பலங்களையெல்லாம் எழுதியது நான். ஒரு மனிதக் கை எவ்வளவு தாங்கும் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

"ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஸ்டேஷன்ல நீங்க நின்னது எனக்கு அப்ப தெரியாது. சார்கிட்ட சொன்னப்பறம்தான் தெரிஞ்சுது. ஒரு தடவ கூப்பிட்டு, எங்கேம்மா போயிட்டு வர்றேன்னு கேக்கறதுக்கு என்னவாச்சு?" என்றாள்.

திரும்ப வரச் சொல்லிச் சிவலிங்கையா கேட்டார். இடையில் போன நாட்களையும் வேலை நாட்களாகவே எழுதுகிறேன், நிரந்தரக் கடிதம் இப்போதே தருகிறேன் என்றார். அவள் யோசித்தாள். வருகிறேன், ஆனால் ஒன்று என்றாள். என்னைப் போகச் சொன்னது எல்லார் முன்னாலும். வரச் சொல்வதும் எல்லார் முன்னாலும் இருக்க வேண்டும் என்றாள். சரி, நான் சொல்கிறேன் என்றார் அவர். அவள் தலையை அசைத்தாள்.

"நீங்க இல்ல சார். அவர் சொல்லணும்."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு எல்லோரும் நடுக்கூடத்தில் நின்றார்கள். நான் பதிவேட்டை விரித்து, நான் எழுதிய வரியைப் படித்தேன். பிறகு, நோட்டையும் ரயிலையும் பற்றிச் சொன்னது நான், அதில் நான் நினைத்தது எதுவும் உண்மையில்லை என்றும் சொன்னேன். யாரோ இருமினார்கள். கீழே கம்பி சுற்றும் எந்திரத்தின் சத்தம் கேட்டது. ரேவதி இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. தன் மேசைக்குப் போய்க் கணினியைத் தட்டினாள்.

அந்த வாரமே டிரைவரில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று என்னுடையது. அவளுடைய நோட்டை வைத்துக்கொண்டு, பலத்துக்கு ஒரு உச்சவரம்பு போட்டேன். மற்றது அவளுடையது. சாதனத்தைச் செருகியதும் திரையில் ஒரு வாசகம் வரும், பிடியில் இருந்து கையை எடுக்கவும் என்று. எடுத்தால் பிட் பூஜ்யமாக வேண்டும். அதற்குப் பிறகு பிடித்தால் ஒன்றாக வேண்டும். இரண்டும் நடந்தால்தான் மோட்டாருக்கு அனுமதி. கண் சொல்வதை நம்புவதற்கு முன்னால் கண்ணையே சோதிக்கிற வேலை அது. வெளிநாட்டுக்காரர் வந்தபோது அதைத்தான் அதிகம் மெச்சினார். ஒப்பந்தம் எங்களுக்கே வந்தது. இது எப்படித் தோன்றியது என்று அவர் கேட்டதற்கு, அனுபவம் சார் என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு என்னோடு இரண்டு வருடம் வேலை பார்த்தாள். கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல்வாள், என் தவறுகளை மரியாதையாகத் திருத்துவாள். அண்ணா என்பது மட்டும் சார் ஆகிவிட்டது. பிறகு பெங்களூரில் நல்ல இடம் கிடைத்துப் போனாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து வழியனுப்பினோம், எனக்கும் ஒரு துண்டு கேக் வந்தது.

அந்த இரண்டு வருடத்தில் அவள் என் கையில் நேராக எதையும் தந்ததில்லை. தாளோ, ஃபிளாப்பி வட்டோ, மாதிரியோ, எதுவானாலும் மேசை மேல் வைப்பாள். பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைப்பாள். பெயர், நேரம், காரணம் எல்லாம் நான் எழுதி முடிக்கும் வரை தன் கையை அதன் மேலேயே வைத்திருப்பாள். நான் கையெழுத்துப் போட்டதும் குனிந்து ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பாள்.